ஊரில் இல்லாதவர்களுக்கு ஒரு தோரணம்

தோர்கிலுக்கு வேலை போன அன்று மெரெட்டே முதலில் செய்தது, காபி போட்டது. இரண்டாவதாகச் செய்தது, என் வீட்டுக் கதவைத் தட்டியது.

“டோவே, காலைல பேப்பர் படிச்சு முடிச்சதும் அதை என்ன பண்றே?”

“அடுப்புப் பத்த வைக்கிறேன். ஏன்?”

“இனிமே பத்த வைக்கிறதுக்கு முன்னாடி எனக்குக் குடு. எங்க பேப்பரை நிறுத்தச் சொல்லிட்டேன்.”

“திடீர்னு என்னடி வந்துச்சு உனக்கு?”

“தோர்கிலுக்கு வேலை போயிடுச்சு,” என்றாள், வீட்டில் பால் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில்.

அதுதான் மெரெட்டே. இருபத்துமூன்று வருஷமாக அடுத்த வீட்டில் இருந்து பார்த்துவிட்டேன். அதுவரை அவள் அழுது நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. அவள் மகள் படிப்பதற்கு ஆர்ஹுஸ் நகரத்துக்குக் கிளம்பிப் போன அன்று. அதுவும் வெங்காயம் நறுக்கியதால் வந்த கண்ணீர் என்று சாதித்துவிட்டாள். கடல் உள்ளே நீண்டு வரும் ஃபியோர்ட் கரையில் ஒரு மீனவர் வீட்டில் ஆறு பிள்ளைகளில் ஐந்தாவதாகப் பிறந்தவள். ஒரு தொட்டித் தண்ணீரில் ஆறு பேரும் வரிசையாகக் குளித்த வீடு அது. ஐந்தாவது ஆளுக்கு எந்த நிறத்தில் தண்ணீர் கிடைத்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இப்போது மழலையர் பள்ளியில் பாதி நாள் வேலை. குள்ளமாக இருப்பாள், வேகமாக நடப்பாள், சிரித்தால் தோள் இரண்டும் குலுங்கும்.

தோர்கில் அவளுக்கு நேர் எதிர். நெட்டையன், நிதானி. ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் சட்டம் பொருத்தினான். பிப்ரவரியில் முதலாளிகள் தொழிற்சாலையைப் போலந்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வேலையில்லாதவர்களுக்குத் தொழிற்சங்கம் கொடுக்கும் உதவித்தொகை வந்தது. ஆனால் பழைய சம்பளத்தை நினைத்துப் பார்த்தால் அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. வீட்டுக் கடன் வேறு இன்னும் பாக்கி இருந்தது.

மெரெட்டே இறங்கி வேலை பார்த்தாள். முதலில் கார் போனது. அடுத்து, கோடையில் இழுத்துக்கொண்டு போகும் வண்டிவீடு போனது. குளிருக்காக வீட்டில் போடும் சூட்டைக் குறைத்துவிட்டு, புருஷனுக்கு முழங்கால்வரை கம்பளிக் காலுறை பின்னிப் போட்டாள். எங்கள் ஊரில் மின்சாரத்தின் விலை மணிக்கு மணி மாறும். காற்று நன்றாக அடித்து, காற்றாலைகள் சுழன்றால் மலிவு. அதனால் காற்று அடித்தால் மெரெட்டே வீட்டில் துணி துவைக்கும் நாள். புயல் எச்சரிக்கை வந்த அன்று ஜன்னல் திரைகள் உட்பட எல்லாவற்றையும் துவைத்துப் போட்டாள். காயப்போட்ட தோர்கிலின் உள்ளாடை ஒன்று பறந்துபோய் எதிர்வீட்டு ஹோல்கரின் கொடிக்கம்பத்தில் மாட்டிக்கொண்டது. பிறந்தநாள் வந்தால் தேசியக் கொடி ஏற்றுகிற கம்பம் அது. “யாருக்குப் பொறந்தநாள்?” என்று தெருவே விசாரித்தது.

எரிந்து தேய்ந்த மெழுகுவத்தித் துண்டுகளை எல்லார் வீட்டிலிருந்தும் கேட்டு வாங்கி, உருக்கி, தயிர் டப்பாவில் ஊற்றிப் புது மெழுகுவத்தி செய்தாள். எல்லா நிறமும் கலந்து அது ஒரு தினுசான பழுப்பில் வரும். “இருட்டுல யாரு கலர் பாக்கப் போறா?” என்பாள். தோர்கிலுக்கு முடிவெட்டும் செலவையும் நிறுத்தி, சமையலறைக் கத்தரியால் தானே வெட்டிவிட்டாள். முதல் தடவை வெட்டியபோது ஆடு மேய்ந்த தோட்டம் மாதிரி இருந்தது.

கறுப்பு ரொட்டியும் கடையில் வாங்குவதில்லை, வீட்டிலேயே சுட்டாள். முதல் ரொட்டியை எனக்குக் கொடுத்தாள். ரம்பம் தேடினேன். பிறகு அதைப் பின்கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு மெரெட்டே தோள் குலுங்கச் சிரித்தாள். “அதைத் தூக்கிப் போட்டுடாதே, கஞ்சிக்கு ஆகும்,” என்று திருப்பி எடுத்துக்கொண்டு போனாள். எங்கள் பக்கத்தில் காய்ந்த கறுப்பு ரொட்டியை ஊறவைத்து, இனிப்பான மால்ட் பீர் ஊற்றிக் கஞ்சியாகக் காய்ச்சுவோம். ஏழை வீட்டுச் சாப்பாடு. ஐந்தாவது ரொட்டியிலிருந்து நன்றாகவே வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பொய் சொல்லிப் பழக்கம் இல்லை எனக்கு.

காபியில் மட்டும் அவள் கை வைக்கவில்லை. “காபியை நிறுத்தினா நாங்க ஏழைன்னு ஆயிடும். இப்போ நாங்க சிக்கனம், அவ்வளவுதான்,” என்றாள்.

பேப்பர் ஏற்பாட்டில்தான் எங்களுக்குள் சண்டை. பத்து மணிக்கு நான் கொடுப்பேன், நாலு மணிக்குத் திரும்பி வரும். வரும்போது குறுக்கெழுத்தை முடித்திருப்பாள். நான் அதை மாலையில் போடுவதற்காக வைத்திருப்பது. கேட்டால், “உனக்கு ஒரு வேலை மிச்சம் பண்ணேன்,” என்பாள். இவளோடு எப்படிப் பேசுவது?

இவ்வளவும் சந்தோஷமாகவே நடந்தது. பணம் குறைந்ததை அவள் ஒரு விளையாட்டு மாதிரி எடுத்துக்கொண்டு ஜெயித்துக்கொண்டிருந்தாள். அவள் தோற்ற இடம் ஒன்றே ஒன்று. அது தோர்கில்.

சனிக்கிழமை காலையில் பேக்கரிக்கு சைக்கிளில் போய்ச் சூடாகப் பன் வாங்கி வருவான் தோர்கில். வழியில் ஆறு வீட்டில் நின்று பேசிவிட்டு, பன் ஆறிப்போய்தான் வீட்டுக்கு வரும். மெரெட்டே பன் செலவை நிறுத்தியதும் அவன் சைக்கிள் நின்றது. சைக்கிள் நின்றதும் ஆறு வீட்டுப் பேச்சும் நின்றது. பிறகு தபால்பெட்டிவரை வருவதும் நின்றது. வேலைக்கு மனு எழுதுவான், பதில் வராது, கொட்டகையில் போய் உட்கார்ந்துகொள்வான். “வெளிய போனா ‘வேலை கெடைச்சுதா’ன்னு கேப்பாங்க. நான் என்னத்தைச் சொல்றது?” என்று மெரெட்டேயிடம் சொன்னானாம். அவள் என்னிடம் அதைச் சொன்னபோது வெங்காயம் எதுவும் நறுக்கவில்லை. அழவும் இல்லை. ஆனால் குரல் சரியாக இல்லை.

“பன்னுல நான் கை வெச்சிருக்கக் கூடாது டோவே. ரெண்டு பன்னு. அதுல என்ன மிச்சமாயிடுச்சு எனக்கு?”

இங்கே தோரணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ஒரு தம்பதிக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆனால், அக்கம்பக்கத்தார் சேர்ந்து அவர்கள் வாசல் கதவைச் சுற்றித் தோரணம் கட்டுவோம். மரச்சட்டம், அதன்மேல் ஊசியிலைக் கிளைகள், காகிதப் பூக்கள், உச்சியில் வெள்ளிக் காகிதத்தில் இருபத்தைந்து. விழா அன்று காலை ஆறு மணிக்கு எல்லோரும் எக்காளத்தோடு போய் வாசலில் நின்று பாடுவோம். அவர்கள் ராத்திரி உடுப்போடு கதவைத் திறந்து, வாயைப் பிளந்து ஆச்சரியப்பட வேண்டும். பிறகு வந்தவர்களை உள்ளே அழைத்துப் பன், பாலாடைக் கட்டி, காபி, கசப்புச் சாராயம் என்று வயிறு நிறைய வைக்க வேண்டும். பன்னிரண்டரை வருஷத்துக்குப் பாதித் தோரணம், ஐம்பதுக்குப் பொன் தோரணம்.

இருபது வருஷமாக எங்கள் தெருவில் எல்லாத் தோரணமும் தோர்கில் கட்டியவை. மற்றவர்கள் கிளை எடுத்துக் கொடுப்போம், பீர் குடிப்போம், வழியில் நிற்போம். சட்டம் அவன் செய்தது, அவன் கொட்டகையில்தான் இருக்கும். கிளையின் நுனி கீழே பார்க்க வேண்டும், ஓடு வேய்வது மாதிரி ஒன்றின்மேல் ஒன்று. கம்பியால்தான் கட்ட வேண்டும், சணல் கூடாது. அவன் கட்டியது புயலுக்கும் அசையாது. ஏப்ரலில் முனை வீட்டுக்காரர்களுக்குப் பாதித் தோரணம் கட்டும் நாளில் தோர்கில் வரவில்லை. தலைவலி என்று மெரெட்டே வந்து சொன்னாள். ஹோல்கர் கட்டினார். மத்தியானமே அது சரிந்து தபால்காரர்மேல் விழுந்தது.

ஜூனில் ஒரு சனிக்கிழமை மெரெட்டே, தோர்கில் தம்பதிக்கே இருபத்தைந்து வருஷம் வந்தது. மே மாதக் கடைசியில் மளிகைக்கடைப் பலகையில் ஒரு சீட்டு: “எங்கள் வெள்ளிவிழா நாளில் நாங்கள் ஊரில் இருக்க மாட்டோம். மெரெட்டே, தோர்கில்.” இதற்கு எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று குழந்தைக்கும் தெரியும். வராதீர்கள் என்று அர்த்தம்.

நேரே போய்க் கேட்டேன். “எங்கடி போறீங்க?”

அவள் அதை யோசித்து வைக்கவில்லை. “போர்ன்ஹோல்ம் தீவுக்கு.”

“எதுல போவீங்க? காரைத்தான் வித்தாச்சே.”

“ரயில்ல. அப்புறம் கப்பல்ல.”

“மெழுகுவத்தியை உருக்கிக்கிட்டு இருந்தவளுக்குத் தீவுக்குப் போக எங்கேர்ந்துடி வந்துச்சு?”

அவள் காது சிவந்தது. வீடு, கொட்டகைச் சாவிக் கொத்தை என் கையில் வைத்தாள். “வியாழக்கிழமை போய் ஞாயித்துக்கிழமை வந்துடுவோம். கண்ணாடிக் கூண்டுல இருக்கற தக்காளிக்கு மட்டும் தண்ணி ஊத்திடு. கொஞ்சமா ஊத்து,” என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். பிறகு அவளே சொன்னாள்: சீட்டு எழுதியது தோர்கிலாம். நாற்பது பேருக்குப் பன் வைக்க வக்கில்லாதவனாக வாசலில் நிற்க மாட்டேன் என்றானாம்.

வியாழக்கிழமை காலையில் இரண்டு பேரும் ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்குப் போனார்கள். கை காட்டினேன். அந்தப் பெட்டியில் இரண்டு தலையணைதான் இருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது. இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி, பார்லி வயலுக்கு நடுவே குனிந்து குனிந்து நடந்து, பின்வாசல் வழியாக வீட்டுக்குள் போய்விட்டார்கள். ஐம்பது வயதுக்கு மேல் ஆன இரண்டு பேர்!

அன்று சாயங்காலம் தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். மண் ஈரமாக இருந்தது. வெளியே ஒரு வாரமாக மழை இல்லை. பெய்திருந்தாலும் கண்ணாடிக் கூண்டுக்குள் எப்படி வரும்? வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நல்ல காற்று. மின்சாரம் மலிந்திருக்கும். சமையலறை ஜன்னல் இடுக்கு வழியாகக் கறுப்பு ரொட்டி வேகும் வாசனை வேலியைத் தாண்டி என் மூக்குக்கு வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நினைக்கிறவளுக்கு, மலிவு மின்சாரத்தை விட மனசு வரவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. எங்களிடமிருந்து ஒளிகிறார்களா? என் புருஷன் இறந்துபோன வருஷம், மூன்று வாரம் என் வீட்டுப் பனியைச் சொல்லாமல் கொள்ளாமல் வாரிக் கொட்டியவன் தோர்கில். எங்கள் முன்னால் நிற்க அவனுக்கு என்ன வெட்கம்? கோபம் ஆறுவதற்குள் எதிர்வீட்டுக்குப் போனேன்.

ஹோல்கர் ஒரு காலத்தில் பன்றிப்பண்ணை வைத்திருந்தவர், எழுபத்துநாலு வயது. அவர் மனைவி யூட்டே வாசலில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

“சாயங்காலம் அஞ்சு மணிக்கு எல்லாரையும் வரச் சொல்லு. தோர்கில் வீட்டுக்குத் தோரணம் கட்றோம்,” என்றேன்.

“அவங்கதான் ஊர்லயே இல்லையே,” என்றார் ஹோல்கர்.

“ஊர்ல இல்லாதவங்களுக்குக் கட்டக் கூடாதுன்னு எங்கயாச்சும் எழுதியிருக்கா? ஞாயித்துக்கிழமை வந்து பாக்கட்டும். கொட்டகைச் சாவி எங்கிட்ட இருக்கு.”

அவர்கள் வீட்டில் இருப்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை, யூட்டேயிடம்கூட. யூட்டேயிடம் சொன்னால் பேப்பரில் போட்ட மாதிரி.

ஐந்து மணிக்குப் பதினைந்து பேர் வந்தார்கள். ஹோல்கரின் தோப்பிலிருந்து ஒரு வண்டிக் கிளை வந்தது. பீரும் வந்தது. கொட்டகையைத் திறந்து சட்டத்தை எடுத்தோம். இனிமேல் வீட்டுக்குள் நடந்தது எல்லாம் மெரெட்டே பிறகு சொல்லி எனக்குத் தெரிந்தது. மாடிப் படுக்கையறையில் திரைக்குப் பின்னால் தோர்கில் முழங்காலிட்டு, இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் மெரெட்டே வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“இது எடது காலா, வலது காலா?” என்று கேட்டார் ஹோல்கர். சட்டத்தின் ஒவ்வொரு காலிலும் தோர்கில் வெட்டி வைத்த அடையாளம் உண்டு. ஒரு வெட்டு இடது, இரண்டு வெட்டு வலது. எனக்கு நன்றாகத் தெரியும்.

“எதுவா இருந்தா என்ன? ஏதோ ஒண்ணை நிறுத்து,” என்றேன்.

வாசல்படி ஒரு பக்கம் தாழ்வு. கால் மாறினதும் தோரணம் குடித்தவனைப் போலச் சாய்ந்து நின்றது.

“தோர்கில் கிளையோட நுனியைக் கீழ பாத்து வைப்பானே?” என்றார் ஹோல்கர்.

“தோர்கில் போர்ன்ஹோல்ம்ல பொகை போட்ட மீன் தின்னுக்கிட்டிருக்கான். நீ மேல பாத்து வை. அப்பதான் எடுப்பா இருக்கும்.”

மாடியில் தோர்கில் மெரெட்டேயின் கையைப் பிடித்துக்கொண்டானாம். “இந்த டோவேக்குப் புத்தி கெட்டுப்போச்சா? இருபது வருஷமா பாக்கறாளே! மேல பாத்து வெச்சா தண்ணி தங்கும்.”

“சத்தம் போடாதே.”

“சணல்ல கட்றாங்க மெரெட்டே. சணல்ல!”

கீழே யூட்டே இடுப்பில் கை வைத்துத் தோரணத்தைப் பார்த்தாள். “ஏங்க, இதைக் கட்டினது நீங்கன்னு வெளிய சொல்லாதீங்க. நம்ம பழைய பன்னிகூட இதுக்குள்ள நுழைஞ்சிருக்காது.”

“வீடு கோணல்டி. நான் என்ன பண்றது?”

“ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்,” என்றேன் நான்.

இதுவரை எல்லாம் என் கணக்குப்படிதான் நடந்தது. மாடித் திரை இரண்டு தடவை ஆடியதையும் பார்த்துவிட்டேன். ஆனால் அடுத்து நடந்ததை நான் ஏற்பாடு செய்யவில்லை.

யூட்டே சொன்னாள்: “செப்டம்பர்ல நமக்கு அம்பது வருஷம். அதுக்கும் இந்த லட்சணத்துலதான் தோரணமா?”

“அதுக்குத் தோர்கில் இருக்கான்,” என்றார் ஹோல்கர், வெள்ளிக் காகித இருபத்தைந்தைக் கக்கத்தில் இடுக்கி ஏணியில் ஏறிக்கொண்டே.

“அவன் வருவானா? ஏப்ரல்ல வரலையே.”

“வருவான். வரலேன்னா எனக்குத் தோரணமே வேணாம். அவன் கட்டாத தோரணத்துக்கு அடியில நான் எதுக்குப் போய் நிக்கணும்?”

யாரும் சிரிக்கவில்லை. ஹோல்கர் ஏறிக்கொண்டே இருந்தார். ஏணியின் ஒரு கால் பூப்பாத்தியில் நின்றது. அவர் எடைக்கு அது மெல்ல மண்ணுக்குள் இறங்கியது. நான் வாயைத் திறப்பதற்குள் மாடி ஜன்னல் படாரென்று திறந்தது.

“யோவ் ஹோல்கர்! எறங்குய்யா கீழ! ஏணி மண்ணுல நிக்குது, தெரியல?”

பதினைந்து முகமும் அண்ணாந்து பார்த்தன. உள் பனியனோடு, ஆடு மேய்ந்த தலையோடு, ஜன்னலில் பாதி உடம்பு வெளியே தெரிய நின்றான் தோர்கில். இரண்டு பேர் ஓடிப்போய் ஏணியைப் பிடித்துக்கொண்டார்கள். ஹோல்கர் அதே உயரத்தில் நின்றபடி அவனைப் பார்த்தார்.

“என்னப்பா,” என்றார், “போர்ன்ஹோல்ம்ல வெயில் எப்படி?”

தோர்கிலின் முகம் பீட்ரூட் நிறமானது. ஜன்னலை மூடிவிட்டான்.

விளையாட்டு எல்லை தாண்டிவிட்டது. நாலு மாதமாக வெளியே வர வெட்கப்பட்டவனை, ஒளிந்திருந்த இடத்திலிருந்து பதினைந்து பேர் முன்னால் பிடித்துக் கொடுத்துவிட்டேன். இப்போது அவன் வரவில்லை என்றால் இனி எப்போதும் வர மாட்டான். அந்தப் பாவம் என் தலையில். யாரோ பீர்ப் புட்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

கதவு திறந்தது. ஒரு கையில் கட்டுக்கம்பிச் சுருள், ஒரு கையில் குறடு. யாரையும் பார்க்காமல் நேரே சட்டத்திடம் போனான்.

“மொதல்ல காலை மாத்துங்க. ரெண்டு வெட்டு இருந்தா வலது. எத்தனை தடவைய்யா சொல்றது?”

அவ்வளவுதான், நாங்கள் எல்லோரும் பழையபடி கிளை எடுத்துக் கொடுக்கவும் வழியில் நிற்கவும் ஆரம்பித்தோம். சணலை அறுத்து என் காலடியில் எறிந்தான், என்னைப் பார்த்துக்கொண்டே. எல்லாக் கிளையையும் பிரித்து, நுனி கீழே பார்க்க முதலிலிருந்து கட்டினான். பாதியில் யூட்டே, அவளுக்கு எதையும் சுற்றி வளைத்துக் கேட்கத் தெரியாது, கம்பியை நீட்டிக்கொண்டே கேட்டுவிட்டாள்:

“வேலை ஏதாச்சும் கெடைச்சுதா?”

நாலு மாதம் அவனை வீட்டுக்குள் பூட்டி வைத்த கேள்வி அது.

“இல்ல,” என்றான் தோர்கில்.

“ம். இந்தக் கம்பி போதுமா, இன்னும் வெட்டட்டா?”

“இன்னொரு முழம் வெட்டு.”

அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. தோர்கில் ஒரு கணம் குறடும் கையுமாக யூட்டேயைப் பார்த்தான், பிறகு வேலையைத் தொடர்ந்தான். தன் கல்யாணத் தோரணத்தைத் தானே கட்டிக்கொண்ட ஆள் எங்கள் ஊரில் அவன் ஒருவன்தான்.

மெரெட்டே காபித் தட்டோடு வாசலில் வந்து நின்றாள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: “நாளைக்கு ஆறு மணிக்கு எல்லாரும் வந்துடுங்க. ஆனா பன்னு கெடையாது, பாலாடைக் கட்டி கெடையாது, சாராயமும் கெடையாது. ரொட்டிக் கஞ்சிதான். கிண்ணமும் கரண்டியும் அவங்கவங்க எடுத்துட்டு வரணும்.”

தோர்கிலின் கை நின்றது. ஹோல்கர் ஏணியைப் பிடித்தபடி கேட்டார்: “மேல பாலேடு போடுவியா?”

“போடுவேன்.”

“அப்ப ரெண்டு கிண்ணம் எடுத்துட்டு வரேன்.”

கிளம்பும்போது மெரெட்டே என் கையைக் கிள்ளினாள். “நீ எப்போ கண்டுபிடிச்சே?”

“நேத்தே. தக்காளிக்கு ஏன்டி தண்ணி ஊத்தினே?”

“நீ அதிகமா ஊத்துவே. வேர் அழுகிடும்.”

காலையில் ஆறு மணிக்கு நாற்பது பேர் கிண்ணமும் கரண்டியுமாகத் தெருவில் நின்றோம். எக்காளம் ஊதியது. மூன்று பாட்டு பாடினோம். ஆச்சரியப்பட மறக்கக் கூடாது என்று ஹோல்கர் முந்தின நாளே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கதவு திறந்தது. மெரெட்டே பூப்போட்ட ராத்திரி உடுப்பில் நின்றாள். தோர்கில் அங்கியோடு ஒரு அடி முன்னால் வந்து, மேலே பார்த்து, இரண்டு கன்னத்திலும் கை வைத்துக்கொண்டான்.

“அடேயப்பா! தோரணம்! எவ்வளவு அழகா இருக்கு! யாரு கட்டினது?”

அப்படி ஒரு மோசமான நடிப்பை நான் பார்த்ததே இல்லை. தெரு அதிர்ந்தது. எக்காளக்காரர் ஊத முடியாமல் படியில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்புக்கு நடுவே ஒரு கனமான, மெதுவாகக் கிளம்பிப் பெரிதாகும் சிரிப்புக் கேட்டது. பிப்ரவரிக்கு அப்புறம் தோர்கில் சிரித்து நான் கேட்டது அன்றுதான். எனக்கு வந்த சந்தோஷத்தில் பக்கத்தில் நின்றவரின் காலை மிதித்துவிட்டேன்.

கஞ்சியைப் பெரிய அண்டாவிலிருந்து மெரெட்டேயே ஊற்றினாள். அடிவரை வழித்துச் சாப்பிட்டார்கள். என் கதவுக்கு முட்டுக் கொடுத்த ரொட்டியும் அதில் சேர்த்திதான் என்று அவள் சொன்னபோது, நான் ஏற்கெனவே இரண்டாவது கிண்ணத்தில் இருந்தேன்.

எட்டு மணி இருக்கும். சமையலறைக்குக் கிண்ணம் கழுவப் போனேன். மெரெட்டே கையில் அகப்பையோடு ஜன்னல் ஓரம் நின்று எதிரே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். எதிர்வீட்டு வாசலில், அங்கியை மாற்றாமல், தோர்கில் அளவு நாடாவின் ஒரு முனையை ஹோல்கர் கையில் கொடுத்துவிட்டு, கதவின் அகலத்தை அளந்துகொண்டிருந்தான். செப்டம்பருக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. யூட்டே ஏதோ சொன்னாள். அவன் தலையை ஆட்டி, இல்லை, நுனி கீழேதான் என்று கையால் காட்டினான்.

மெரெட்டேயின் கன்னம் நனைந்திருந்தது.

“என்னடி?” என்றேன்.

“வெங்காயம்,” என்றாள்.

சரி என்று சொல்லி, என் கைக்குட்டையைக் கொடுத்தேன்.